37 வீடு மிஞ்சிய ஊருக்கு வரலாறு எழுத வேண்டும், எங்கே ஆரம்பிப்பது?

வைப்பாற்றுக்காரன்:

வணக்கம். விளாத்திகுளம் தாலுகாவில் ஒரு சின்னக் கரிசல்காட்டு ஊர் எங்களுடையது. பெயரை இப்போது போடவில்லை, ஊரில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுகிறேன். நான் கோயம்புத்தூருக்கு வந்து 24 வருஷம் ஆகிறது, லேத் பட்டறையில் வேலை, வருஷத்துக்கு ஒரு தடவை வைகாசிப் பொங்கலுக்கு ஊருக்குப் போவதோடு சரி. இந்தத் தடவை போனபோது காளியம்மன் கோவில் வரி நோட்டுகள் கிடந்த தகரப்பெட்டியைத் திறந்தோம். பாதியைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சத்தில் பழையது 1971ஆம் வருஷ நோட்டு, அதில் 184 தலைக்கட்டு, அதாவது வரி கொடுக்கிற குடும்பம். இந்த வருஷம் வரி கொடுத்தது 121 தலைக்கட்டு, அதில் ஊருக்குள் அடுப்பு எரிகிற வீடு 37தான். மற்றவர்கள் திருப்பூர், சென்னை, மும்பை என்று இருந்த இடத்திலிருந்தே ஜிபேயில் அனுப்பிவிட்டார்கள்.

முளைப்பாரி தூக்க உள்ளூரில் பெண்பிள்ளைகள் இல்லை, திருவிழாவுக்கு வந்த பேத்திகள்தான் தூக்கினார்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா என்னைத் திண்ணையில் உட்காரவைத்து, "எங்க காலம் முடிஞ்சா இப்பிடி ஒரு ஊரு இருந்துச்சுன்னு யாருடா சொல்லுவா" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

வந்ததும் எழுத உட்கார்ந்தேன். ஊர் உண்டான கதை என்று தாத்தா சொன்னது, அம்மன் வந்த கதை, எட்டயபுரம் ஜமீன், எல்லாம் சேர்த்து மூன்று பக்கம் வந்தது, அதற்கு மேல் ஓடவில்லை. படித்துப் பார்த்தால் ஊர்ப் பெயரை மாற்றிவிட்டு எந்த ஊருக்கும் வைத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. செக்காரக்குடி பக்கம் மீனாட்சிபுரத்தில் தண்ணீர் இல்லாமல் எல்லோரும் வெளியேறி, ஒரே ஒரு பெரியவர் மட்டும் தனியாகக் குடியிருந்து, 2024ல் அவரும் இறந்துபோன செய்தியைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இந்த மாதிரி வேலை செய்தவர்கள் இருந்தால் வழி சொல்லுங்கள்.

ஜமாபந்தி:

தம்பி, நான் வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், எனக்குத் தெரிந்தது காகிதம்தான், அதைச் சொல்கிறேன்.

எட்டயபுரம் ஜமீன் ஊர் என்றால் 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு ஊரை அளந்து, எந்தப் புலம் யாருக்கு என்று தீர்மானித்து, ஒரு செட்டில்மென்ட் பதிவேடு எழுதியிருப்பார்கள். எஸ்.எல்.ஆர். என்று கேட்டால் தெரியும். அதோடு இப்போதைய நிலக் கணக்கான அ-பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் புலம் புலமாகப் பாருங்கள். எந்தப் புஞ்சை யார் கையிலிருந்து யாருக்குப் போனது, எது தரிசாக விழுந்தது, கண்மாய் எத்தனை ஏக்கர் என்று எழுதியிருந்தது, இப்போது எத்தனை ஏக்கர் மிச்சம், எல்லாம் தெரிந்துவிடும். உங்கள் மாவட்டம் 1986 அக்டோபர் 20ல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது, முதலில் சிதம்பரனார் மாவட்டம் என்று பெயர். அதனால் அதற்கு முந்தைய காகிதத்தைத் தூத்துக்குடியில் மட்டும் தேடிவிட்டு இல்லை என்று திரும்பிவிடாதீர்கள், திருநெல்வேலியிலும் விசாரியுங்கள். பழைய ஜமீன் சங்கதிக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகளில் 1961லிருந்து 2011 வரை ஊர்வாரியாகவே வீடு, ஆள் கணக்கு இருக்கிறது.

இன்னொன்று, இது எந்த அலுவலகத்திலும் சொல்ல மாட்டார்கள். 1980ல் ஊர்க் கணக்கும் வரியும் பார்த்த பரம்பரைக் கர்ணம், மணியம் வேலைகளை அரசு ஒழித்தபோது எல்லாக் கணக்கும் ஒழுங்காகக் கைமாறவில்லை. கர்ணம் வீட்டு வாரிசுகள் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். பரணில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். நானே அப்படி இரண்டு ஊரில் பார்த்திருக்கிறேன்.

ஆளில்லாமல் போன ஊருக்கு ரெவின்யூ கணக்கில் பேச்சிராக் என்று பெயர். பாரசீக வார்த்தை, விளக்கில்லாதது என்று அர்த்தம். ஊர் போனாலும் கணக்கில் எண் மட்டும் நிற்கும்.

சாத்தூர் டீச்சர்:

ஜமாபந்தி அய்யா சொன்ன காகிதத்தில் ஒன்று விட்டுப்போனது, பள்ளிக்கூடத்தின் சேர்க்கைப் பதிவேடு. பிள்ளை பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர், அப்பா என்ன தொழில், எப்போது நின்றது, எல்லாம் ஒரே வரியில் இருக்கும். நான் வேலை பார்த்த ஒரு ஊரில் 1970களின் பக்கங்களைப் புரட்டினால் ஆண்பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பு வரை வருகிறார்கள், பெண்பிள்ளைகள் இரண்டு, மூன்றோடு நின்றுவிடுகிறார்கள், எதிரே "நீக்கம்" என்று சிவப்பு மையில் இருக்கும். எங்கே போனார்கள் என்று அதில் எழுதவில்லை, ஆனால் ஊரில் எல்லோருக்கும் தெரியும், தீப்பெட்டி ஆபிஸுக்குப் போனார்கள். விடிவதற்கு முன்பே வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும், இருட்டின பிறகு கொண்டுவந்து விடும். வீட்டில் இருக்கிற பாட்டிகளும் சும்மா இல்லை, பெட்டி ஒட்டுவார்கள்.

சிவகாசியில் முதல் தீப்பெட்டித் தொழிற்சாலை 1923ல் வந்தது. சாத்தூர், கோவில்பட்டி சுற்றின மானாவாரி ஊர்கள் பல பஞ்சத்தைத் தாண்டினதே அந்தப் பிள்ளைகளின் விரலால்தான் என்று நான் நினைக்கிறேன். மழை பொய்த்த வருஷம் சம்சாரி காட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், வீட்டுக்கு அரிசி வாங்கினது ஒன்பது வயதுப் பெண்ணின் வாரக்கூலி. 1986ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்து, மெதுவாகப் பள்ளிக்கூடம் பக்கம் பிள்ளைகள் திரும்பினார்கள். பன்னிரண்டாவது முடித்த பெண் அப்புறம் எதற்கு அந்த ஊரில் வாழ்க்கைப்பட வேண்டும்? நர்சிங் படித்துவிட்டு மதுரையில் இருக்கிறாள், நல்லது. ஊர் காலியானதில் எனக்கு வருத்தம் உண்டு, அந்தப் பிள்ளை போனதில் கொஞ்சமும் வருத்தம் இல்லை. இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

பதிவேட்டைச் சீக்கிரம் பார்த்துவிடுங்கள். 2019ல் ஒரு மாணவர்கூட இல்லாத 46 அரசுப் பள்ளிகளைத் தற்காலிகமாக நூலகமாக்குவதாக அறிவித்தார்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் இப்போது எத்தனை பேர்?

வைப்பாற்றுக்காரன்:

நாலு பேர், டீச்சர். இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் யாரும் சேரவில்லை. என் அக்காவே மூன்றாவதோடு நின்று தீப்பெட்டி ஆபிஸ் போனவள்தான், நான் எழுதின மூன்று பக்கத்தில் அது வரவில்லை. இன்று ராத்திரி அவளிடம் போனில் பேசப்போகிறேன்.

கண்மாய்க்கரை:

நான் நரிக்குடிப் பக்கம், இன்னும் விவசாயம் பார்க்கிறேன். ஊர் அழிந்ததற்கு மழை இல்லாததுதான் காரணம் என்று எழுதிவிடாதீர்கள், எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். உங்கள் மாவட்டத்துக்கு வருஷத்துக்குச் சுமார் 650 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தில் விழுவது. நம் தாத்தாக்களும் இந்த மழையை நம்பித்தான் இருந்தார்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தையும் பார்த்துவிட்டு இதே இடத்தில்தான் இருந்தார்கள். பெய்கிற இருபது முப்பது நாள் மழையைப் பிடித்து வைக்கத்தான் கண்மாய். அந்தக் கண்மாய்க்கு என்ன ஆனது என்று பாருங்கள், ஊருக்கு என்ன ஆனது என்று தன்னால் தெரியும்.

முன்பு தை கழிந்து தண்ணீர் வற்றினதும் வீட்டுக்கு ஒரு ஆள் போய் வரத்துக்கால் வெட்ட வேண்டும், கரைக்கு மண் போட வேண்டும். குடிமராமத்து என்பது அதுதான். அதிலும் எல்லோரும் விரும்பி வந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை, வெள்ளைக்காரன் 1858லேயே அதற்குக் கட்டாய உழைப்புச் சட்டம் போட வேண்டியிருந்தது. ஜமீன் போன பிறகு 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் இருக்கிற கண்மாய் பொதுப்பணித் துறைக்கு, அதற்குக் கீழே உள்ளது ஊராட்சி ஒன்றியத்துக்கு என்று பிரித்தார்கள். சின்ன ஊருக்குச் சின்னக் கண்மாய்தான் இருக்கும், ஒன்றியத்தில் அதற்குப் பணம் ஏது. ஊர்க்காரனும் சர்க்கார் கண்மாய்தானே, சர்க்கார் பார்க்கட்டும் என்று இருந்துவிட்டான். நானும் இருந்திருக்கிறேன். வரத்துக்காலில் முதலில் ஒருவர் வேலி போட்டார், அப்புறம் ரோடு போட்டார்கள், குழாய்ப் பாலம் சின்னதாக வைத்தார்கள், தண்ணீர் வேறு பக்கம் போய்விட்டது. உள்ளே சீமைக் கருவேல். அது 1877லேயே கடப்பைப் பக்கம் கொண்டுவரப்பட்ட மரம், நம் பக்கம் விறகுக்கு என்று பரவி, கண்மாயை மூடி, கடைசியில் விவசாயம் விட்டவன் அதையே வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறான். என் சித்தப்பா மகன் அதில்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தான், அதனால் அந்த மரத்தை வெறுமனே திட்டவும் எனக்கு வாய் வரவில்லை.

அதன் பிறகு 2018ல் மக்காச்சோளத்தில் படைப்புழு, வருஷா வருஷம் காட்டுப்பன்றி. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டினபோது உங்கள் மாவட்டத்தில் எத்தனை கண்மாய் உடைந்தது! தண்ணீர் இல்லை என்று விட்ட ஊரில் தண்ணீர் வந்து கரை உடைகிறது.

ஊரில் மடை எத்தனை, ஒவ்வொரு மடைக்கும் என்ன பெயர், மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற மறுகால் எங்கே விழும், எந்த மடை பாய்ந்தால் எந்த வயல், இதைச் சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். மடையைத் திறந்து மூடுகிற மடைக்குடும்பன் வீட்டில் கேளுங்கள், சம்சாரிகளுக்குத் தங்கள் வயலுக்கு வந்த வாய்க்கால் மட்டும்தான் தெரியும்.

தெற்குத்தெரு:

எல்லாவற்றையும் படித்தேன். முதல் பதிவில் ஒரு கேள்வி இருக்கிறது, யாரும் கேட்கவில்லை, அதனால் கேட்கிறேன். காளியம்மன் கோவில் வரி நோட்டில் 184 தலைக்கட்டு என்றீர்களே, அதில் உங்கள் ஊர்க் காலனி சேர்ந்திருக்கிறதா? எங்கள் ஊரில் எங்களிடம் கோவில் வரி வாங்க மாட்டார்கள். வரி வாங்கினால் முறை கொடுக்க வேண்டும், பரிவட்டம் கட்ட வேண்டும், சப்பரம் எங்கள் தெருவுக்கு வர வேண்டும். அதனால் நாங்கள் நோட்டில் இல்லை. கண்மாய் வெட்டப் போன வீட்டுக்கு ஒரு ஆள் யார் என்று கண்மாய்க்கரை அண்ணன் யோசித்துப் பார்க்கட்டும். கரையில் மண் சுமந்தது எங்கள் தாத்தா, வயல் அவருடையது இல்லை.

1948 நவம்பர் 4ல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசும்போது கிராமத்தைக் குறுகிய புத்தியின் குகை என்கிற பொருளில் சொன்னார், அது பலருக்குக் கோபம். எனக்குக் கோபம் வரவில்லை. என் அப்பா 1982ல் சூரத்துக்குப் போனார். டீக்கடையில் தனி டம்ளர், அதுதான் காரணம், மழை இல்லை, கண்மாய் இல்லை. அங்கே மில்லில் பன்னிரண்டு மணி நேரம் நின்றார், கால் வீங்கும், ஆனால் டீ குடித்த டம்ளரைக் கழுவி வைக்கச் சொல்ல ஆள் இல்லை என்று சாகிற வரைக்கும் சொன்னார். ஊர் நலிந்துபோச்சே என்று எழுதுகிறபோது யாருக்கு நலிந்தது என்றும் எழுதுங்கள். சண்டைக்கு எழுதவில்லை. அந்த ஊர் என்னுடையதும்தான், அதனால் எழுதுகிறேன்.

கண்மாய்க்கரை:

தம்பி, நான் அதை யோசிக்காமல்தான் எழுதினேன். எங்கள் ஊரில் கரை வேலைக்குப் போனவர்களை எண்ணிப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. பெரிய வீடுகளிலிருந்து ஆள் போகவில்லை, ஆளை அனுப்பினார்கள். எனக்கு மடை பற்றித் தெரிந்த எல்லாமே உங்கள் மாதிரி ஒரு தெருவிலிருந்த ஒரு பெரியவர் சொன்னதுதான், அவர் பெயரை நான் எங்கேயும் சொன்னதில்லை. கண்மாய் கெட்டதால் ஊர் கெட்டது என்பதில் எனக்கு மாற்றம் இல்லை, ஆனால் அந்தக் கதையைச் சொல்லத் தகுதியான ஆள் யார் என்பதை மாற்றிக்கொள்கிறேன்.

மலைநாட்டுப் பேத்தி:

நான் இலங்கை, ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். இந்த இழையில் எழுதலாமா என்று யோசித்து எழுதுகிறேன். எங்கட தாத்தாவின் அப்பா விளாத்திகுளம் பக்கம் ஏதோ ஒரு ஊரிலிருந்து தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிற கங்காணியோடு வந்தவர். மண்டபம் முகாமில் வைத்துச் சோதித்து, கப்பலில் தலைமன்னார், பிறகு மலைக்கு. ஊர்ப் பெயரை வீட்டில் ஒரு மாதிரி சொல்வார்கள், அது சரியான பெயரா என்று எங்களுக்குத் தெரியாது, வரைபடத்தில் தேடினால் இல்லை. 1948 குடியுரிமைச் சட்டத்தில் எங்கள் ஆட்கள் நாடற்றவர்களானார்கள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவானது. பாட்டியின் தங்கை குடும்பம் அப்படிப் போனது. ராமேசுவரத்தில் இறங்கி ஊரைத் தேடிப் போயிருக்கிறார்கள். வழியில் கேட்டவர்கள் அந்தப் பெயரில் ஒரு தெரு இருந்தது, ஊர் இல்லை என்றார்களாம். ஒரு நாள் மரத்தடியில் இருந்துவிட்டு நீலகிரிக்குப் போய், அங்கேயும் தேயிலைதான் பறித்தார்கள்.

ஐயா எழுதுகிற புத்தகத்தில் போன வீடுகள் என்று எழுதும்போது 1971லிருந்து ஆரம்பிக்க வேண்டாம். அதற்கு முன்பும் போயிருக்கிறோம். சிலோனுக்குப் போனவர்கள் என்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள், பெயர் ஒன்றிரண்டு கிடைத்தாலும் போதும்.

ஜமாபந்தி:

அம்மா, அந்தப் பெயரை எப்படிச் சொல்வார்களோ அப்படியே எழுதித் தனியாக அனுப்புங்கள். ஜமீன் ஊர்களில் ஒரு கிராமத்துக்குள் பல உட்கடைகள், அதாவது அதற்குட்பட்ட சிற்றூர்கள், உண்டு, வரைபடத்தில் தாய்க்கிராமம் மட்டும்தான் இருக்கும். தேடிப் பார்க்கிறேன், உறுதியாகச் சொல்ல முடியாது.

வைப்பாற்றுத் தம்பிக்கு இன்னொரு விஷயம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களைச் சொந்த ஊர்களுக்கே அனுப்பி வீடு வீடாகக் கணக்கெடுக்கவைத்து 1918ல் புத்தகமாகக் கொண்டுவந்தார். அதில் அப்போதைய ராமநாதபுரம் மாவட்டத்து வடமலாபுரமும், திருநெல்வேலி கங்கைகொண்டானும் உண்டு. பிற்பாடு வேறு ஆட்கள் அதே ஊர்களுக்குப் போய் அதே கேள்விகளைத் திரும்பக் கேட்டு 1940ல் இன்னொரு புத்தகம் வந்தது. நிலம் எவ்வளவு, மாடு எத்தனை, கடன் எவ்வளவு, வேலைக்கு யார் வெளியே போனார் என்று சாதாரணக் கேள்விகள்தான். அதை ஒரு தடவை பார்த்துவிட்டு உங்கள் கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். தெற்குத்தெருத் தம்பி கேட்டதை முதல் கேள்வியாக வையுங்கள்.

வைப்பாற்றுக்காரன்:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்க வேண்டும். லீவு கிடைக்கவில்லை, இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வந்தேன்.

தெற்குத்தெரு நண்பருக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். காலனி நோட்டில் இல்லை. ஒரு வீடுகூட இல்லை. நான் 37 என்று எழுதினபோதும் கணக்கில் எடுக்கவில்லை, கோவிலைச் சுற்றி இருக்கிற வீடுகளை மட்டும்தான் எண்ணியிருக்கிறேன், எழுதும்போது அது எனக்கு உறைக்கவே இல்லை. இந்தத் தடவை போய் எண்ணினேன், அங்கே 19 வீட்டில் ஆள் இருக்கிறது. நான் அந்தத் தெருவுக்குள் நடந்து போனது என் 46 வயதில் இதுதான் முதல் தடவை. கூடப் படித்த ஒருவன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தான், உள்ளே வா என்றான், அவ்வளவுதான் சொன்னான்.

மடைக்குடும்பன் வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார், 80 தாண்டியிருக்கும். கணவர் இறந்த பிறகு பத்து வருஷம் மடையைத் திறந்து மூடினது அவர்தான் என்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. கண்மாய்க்குள் கருவேலைத் தாண்டிக் கரை வரைக்கும் கூடவே நடந்து வந்தார். மூன்று மடை. பெரிய மடை, புளியடி மடை, நாச்சி மடை. நாச்சி மடையில் ஒருவர் கணுக்கால் வரை இறங்கி நின்றால் தண்ணீர் எத்தனை நாளைக்கு வரும் என்று சொல்லிவிடலாமாம், அந்தக் கணக்கை மூன்று தடவை சொன்னார், நான் போனில் பதிவு பண்ணிவிட்டேன், இன்னும் முழுதாகப் புரியவில்லை. கண்மாய்க்கரை அண்ணே, உங்களுக்கு அனுப்பட்டுமா? வயல் பெயர் மட்டும் 58 கிடைத்தது. அதில் சிலோன்காரன் புஞ்சை என்று ஒன்று இருக்கிறது. யார் அந்தச் சிலோன்காரன் என்று பாட்டிக்குத் தெரியவில்லை, தன் மாமியார் காலத்திலேயே அப்படித்தான் சொன்னார்கள் என்றார். மலைநாட்டு அக்கா, அதன் புல எண்ணை அய்யாவுக்கு அனுப்பியிருக்கிறேன்.

அக்காவிடமும் பேசினேன், டீச்சர். ஒன்றரை மணி நேரம் பேசினாள். இவ்வளவு வருஷத்தில் நான் கேட்டதே இல்லை, அவளும் சொன்னதில்லை.

பாட்டி தெருவில் 1971ல் எத்தனை வீடு இருந்தது என்று தெரிய வேண்டும். நோட்டு கிடையாது. அவரே தெரு முனையிலிருந்து வீடு வீடாகச் சொல்லச் சொல்ல எழுதினேன், இதுவரை 43 வந்திருக்கிறது, மேற்கு ஓரத்தில் இரண்டு வீட்டுக்குப் பெயர் ஞாபகம் வரவில்லை, சூரத்தில் இருக்கிற மகனிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். தலைப்பில் 37 என்று இருக்கிறது, எப்படி மாற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை, நிர்வாகிகள் யாராவது பார்த்தால் 56 என்று மாற்றிவிடுங்கள்.